பையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் வேலை செய்தாளா?

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தரம் 8ல் படிக்கும் உங்கள் மகள் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்காக அரை மணித்தியாலம் புத்தகப் பையைக் கையில் பிடித்தபடி நின்றிருக்கிறாள். கை கடுத்து வீட்டுக்கு வந்தவள், ரியூஷன் குறிப்பில் "பையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பவர் செய்யும் வேலை பூச்சியம்" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு ஏன் கை நோகுது?" என்று கேட்டிருக்கிறாள். வேலை, சக்தி, வலு மூன்றும் ஒன்றுதானே, பிறகேன் மூன்று பெயர் என்றும், கரண்ட் பில்லில் வரும் யூனிட் இவற்றில் எது என்றும் நீங்கள் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான். நாம் வீட்டில் சொல்லும் வேலையும் புத்தகம் சொல்லும் வேலையும் ஒரே சொல்லாக இருந்தும் ஏன் ஒத்துப்போவதில்லை? நான் 26 வருடமாகக் கொழும்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது இதே இடத்தில் தடக்கி நிற்கும். அப்படி நிற்கிற பிள்ளை விளங்கிப் படிக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். ஆகவே "புத்தகத்தில் உள்ளதை எழுது" என்று சொல்லி அவளை அடக்கிவிடாதீர்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குவோம். பௌதிகவியலில் வேலை என்பது ஒரு பெருக்கல். ஒரு பொருளின் மீது விசை ஒன்று தொழிற்படுகிறது, அந்த விசையின் திசையிலேயே பொருள் நகர்கிறது என்றால், விசையையும் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவதுதான் வேலை. 1 நியூற்றன் விசையால் 1 மீற்றர் நகர்த்தினால் 1 யூல். கையில் அடங்கும் 100 கிராம் கொய்யாப்பழம் ஒன்றை நிலத்திலிருந்து 1 மீற்றர் உயரத்துக்குத் தூக்கினால் கிட்டத்தட்ட 1 யூல் வேலை நடந்திருக்கிறது. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே இதைச் சொல்லிக் கொடுங்கள். யூல் எவ்வளவு சின்ன அளவு என்பது பிள்ளையின் கைக்குத் தெரிந்துவிடும்.

இப்போது பைக்கு வருவோம். பை 5 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், பள்ளிக்கூடக் கணக்கில் அதன் நிறை, அதாவது புவி அதை இழுக்கும் விசை, 50 நியூற்றன் (கிலோகிராமை 10ஆல் பெருக்கி வருவது). நிலத்திலிருந்து அரை மீற்றர் தூக்கியபோது மகள் பையின் மீது 25 யூல் வேலை செய்தாள். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் பை மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. விசை 50 நியூற்றன், தூரம் பூச்சியம். பெருக்கினால் பூச்சியம். குறிப்பில் இருப்பது சரிதான். ஆனால் அந்த வசனத்தில் இரண்டு சொல் விடுபட்டிருக்கிறது. "பையின் மீது" செய்த வேலை பூச்சியம் என்று எழுதியிருக்க வேண்டும். வேலை என்று சொன்னாலே எந்த விசை, எந்தப் பொருளின் மீது என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

அப்படியென்றால் கை ஏன் நோகிறது? அதே பையைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஆணி அதே 50 நியூற்றன் விசையோடு ஒரு வருடம் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டிருக்கும், அதற்குச் சாப்பாடு வேண்டாம். தசை அப்படிப் பூட்டிக்கொண்டு நிற்காது. அதற்குள் இருக்கும் நுண்ணிய புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி, இழுத்து, விட்டு, மறுபடி பற்றியபடியே இருக்கும். ஒவ்வொரு பற்றலுக்கும் தசைக்குச் சக்தி கொடுக்கும் ஏ.ரி.பி. என்ற பொருள் செலவாகிறது. வெளியே கை அசையவில்லை, ஆனால் உள்ளே ஒரு நொடிகூட ஓய்வில்லை. சாப்பாட்டிலிருந்து வந்த இரசாயன சக்தி இப்படிச் செலவாகி வெப்பமாக வெளியேறுகிறது. இதுவரை சொன்னது உறுதி. நோவு எதனால் என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். இலற்றிக் அமிலம்தான் காரணம் என்று பல குறிப்புகளில் ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். இன்று அதை அவ்வளவு நிச்சயமாக யாரும் சொல்வதில்லை. இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டம் குறைவது, கழிவுகள் தேங்குவது என்று பல காரணங்கள் சேர்ந்து வருகின்றன. மகளுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: அவள் பைக்குச் சக்தி கொடுக்கவில்லை, ஆனால் அவளுடைய உடம்பு சக்தியைச் செலவழித்தது.

இதை நான் வகுப்பில் ஒழுங்காகச் சொல்லப் பழகியது ஒரு மாணவனால்தான். பல வருடங்களுக்கு முன் இந்தப் பாடத்தில், மூட்டையைத் தலையில் சுமந்து சமதரையில் நடப்பவர் புவியீர்ப்புக்கு எதிராக வேலை செய்வதில்லை என்று எழுதிப்போட்டேன். பின் வாங்கிலிருந்து ஒருவன் எழும்பி, "அப்ப எங்கட அப்பா நாள் முழுக்க வேலையே செய்றதில்லையா சேர்?" என்று கேட்டான். அவனுடைய தகப்பன் புறக்கோட்டையில் நாட்டாமை. அரிசி, பருப்பு, வெங்காய மூட்டைகளை லொறிக்கும் கடைக்கும் இடையில் சுமப்பவர். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அன்று அவனுக்கு நான் சொன்ன பதில் போதாது என்று வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்த நாள் பாடத்தைத் திரும்பத் தொடங்கினேன்.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. உழைப்பு என்று நமக்கு வேறொரு சொல் இருக்கிறது. உடம்பு படும் பாடு, களைப்பு, வியர்வை எல்லாம் உழைப்பு. பொருளுக்குப் போய்ச் சேர்ந்த சக்தியின் அளவு வேலை. அந்த மாணவனின் தகப்பன் நாள் முழுக்க உழைத்தார். மூட்டைகளின் மீது அவர் செய்த வேலையைத் தனியாகக் கணக்கிடலாம். நானும் அவனும் கரும்பலகையில் அதைச் செய்தோம். 50 கிலோகிராம் மூட்டையை 1.2 மீற்றர் உயரமான லொறித் தட்டில் ஏற்றினால் 600 யூல். நூறு மூட்டை ஏற்றினால் 60,000 யூல். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் நீர் கொதிக்க வைக்கும் 1500 வாற்று மின்கேத்தில் ஒன்று 40 செக்கனில் எடுத்துக்கொள்ளும் சக்தியும் அதே 60,000 யூல்தான். இதைக் கண்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த மனிதரின் உழைப்பு சிறியது என்று இதற்கு அர்த்தமில்லை. தசையின் வினைத்திறன் (செலவாகும் சக்தியில் வேலையாக மாறும் பங்கு) ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம்தான் என்பதால், மூட்டைக்குப் போன 60,000 யூலுக்காக அவர் உடம்பு அதைப்போல் நான்கைந்து மடங்கைச் செலவழித்திருக்கும். குனிந்து நிமிரும்போது தன் உடம்பையே தூக்குவது, மூட்டையோடு நடப்பது எல்லாம் அதற்கு மேலதிகம். மூட்டையின் உயரத்தை அளக்கும் கணக்கில் இவை எதுவும் வராது.

சமதரையில் நடக்கும் உதாரணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தலையில் சுமை, விசை மேல்நோக்கி, நடை கிடையாக, ஆகவே வேலை பூச்சியம் என்று புத்தகம் சொல்வது ஓர் எளிமைப்படுத்தல். நடக்கத் தொடங்கும்போது சுமைக்கு வேகம் கொடுக்க வேண்டும், அப்போது வேலை நடக்கிறது. ஒவ்வொரு அடியிலும் உடம்பும் சுமையும் கொஞ்சம் ஏறி இறங்குகின்றன, அங்கேயும் சிறு சிறு வேலைகள் நடக்கின்றன. ஏறும்போது சுமைக்குப் போனது இறங்கும்போது திரும்பிவிடுவதால் கூட்டிப் பார்த்தால் பூச்சியத்துக்குக் கிட்ட வரும், ஆனால் உடம்பு அதை முழுதாகத் திரும்பப் பெறுவதில்லை. பரீட்சையில் "சீரான வேகத்தில் கிடையாக" என்ற சொற்கள் இருந்தால் தயங்காமல் பூச்சியம் என்று எழுதலாம். புறக்கோட்டையில் நான்காம் குறுக்குத் தெருவில் ஆட்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவே நின்று நின்று போகும் ஒருவருக்கு அந்தச் சொற்கள் அப்படியே பொருந்தாது.

இந்த ஒடுங்கிய பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும். விசையைத் தூரத்தால் பெருக்கி வருவதற்கு வேலை என்ற பெயரை 1829ல் கொரியோலிஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் பயன்படுத்தினார். பிரெஞ்சில் உழைப்பைக் குறிக்கும் சாதாரணச் சொல்லையே அவர் எடுத்துக்கொண்டார். இயந்திரங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. எந்த இயந்திரம் எவ்வளவு பாரத்தை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறது என்பதை ஒப்பிட ஓர் அளவு தேவைப்பட்டது. ஆக, இந்த அளவு இயந்திரத்துக்காக வந்தது. மனிதக் களைப்பை அளப்பது அதன் நோக்கத்திலேயே இல்லை.

வலு அதற்கும் முந்திய கதை. ஜேம்ஸ் வாற் தன் நீராவி இயந்திரத்தை விற்கும்போது, வாங்குபவர்கள் அதுவரை குதிரைகளை வைத்து வேலை வாங்கியவர்கள். இது எத்தனை குதிரைக்குச் சமம் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. குதிரை நாள் முழுக்க இழுத்தால் இயந்திரம் அரை மணித்தியாலத்தில் இழுக்கும் அதே பாரத்தை இழுத்துவிடும். வேலை இரண்டுக்கும் ஒன்றே, எடுத்த நேரம்தான் வேறு. அந்த நேரத்தால் வேலையை வகுத்தால் வருவது வலு. 1 செக்கனில் 1 யூல் என்றால் 1 வாற்று, பழைய புத்தகங்களில் உவாற்று என்றிருக்கும். அவர் வகுத்த குதிரை வலு இன்றைய அளவில் ஏறத்தாழ 746 வாற்று. மேலே சொன்ன மூட்டையை 2 செக்கனில் தட்டில் ஏற்றுபவர் அந்த 2 செக்கனுக்கு 300 வாற்று வலுவோடு இயங்குகிறார். 60 வாற்று மின்விசிறி ஐந்தைச் சுழற்றும் வலு அது.

சக்திக்குப் புத்தகம் தரும் வரைவிலக்கணம் "வேலை செய்வதற்கான ஆற்றல்". தரம் 8க்கு இது போதும், பரீட்சையிலும் இதையே எழுதட்டும். லொறித் தட்டில் ஏறிய மூட்டையில், உயரத்தில் இருப்பதால், 600 யூல் அழுத்த சக்தி இருக்கிறது. அது விழுந்தால் இயக்க சக்தியாகி, நிலத்தில் மோதியதும் பெரும்பகுதி வெப்பமாகும். வேலை என்பது சக்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கைமாறும் ஒரு வழி, சேர்த்து வைக்கக்கூடிய பொருளன்று. வெப்பமும் இதே கணக்குக்குள் வருகிறது என்று 1840களில் அளந்து காட்டியவர் ஜேம்ஸ் யூல். விழும் பாரங்களால் நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தார். ஆனால் அந்த வரைவிலக்கணத்தை முடிந்த முடிவாக எடுக்க வேண்டாம். காலிமுகத்திடலுக்கு முன்னால் கிடக்கும் கடலில் எவ்வளவோ வெப்பசக்தி இருக்கிறது. அதைவிடக் குளிரான ஓரிடம் இல்லாமல் அந்த வெப்பத்தை மட்டும் எடுத்து ஒரு கப்பலை ஓட்டிவிட முடியாது. சக்தி இருந்தும் அதிலிருந்து வேலையைப் பெற முடியாத நிலை உண்டு. மகள் உயர்தரத்துக்குப் போகும்போது இது திரும்ப வரும்.

இனி கரண்ட் பில். வீட்டில் நாம் சொல்லும் யூனிட் சக்தியின் அளவு, வலுவின் அளவன்று. அதன் முழுப் பெயரில் வாற்று இருப்பதால்தான் குழப்பம். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாற்று மணி, அதாவது 1000 வாற்று வலுவில் 1 மணித்தியாலம் ஓடிய சக்தி. 1000ஐ 3600 செக்கனால் பெருக்கினால் 36 இலட்சம் யூல். 1500 வாற்றுக் கேத்தில் 40 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட். 60 வாற்று மின்விசிறி ஒரு யூனிட்டை எடுக்க 16 மணித்தியாலம் 40 நிமிடம் வேண்டும். சக்தி சமன், வலு வேறு, நேரம் வேறு. அந்த 36 இலட்சம் எவ்வளவு பெரிது என்று காட்ட நான் நீர்த்தாங்கியை உதாரணமாக எடுப்பேன். கொழும்பில் மாடி வீடுகளின் மேலே இருக்குமே, 1000 லீற்றர் கறுப்புத் தாங்கி. அது நிறைய நீர் 100 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் 10 இலட்சம் யூல். இழப்பே இல்லை என்று வைத்தாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அப்படிப்பட்ட மூன்றரைத் தாங்கிக்கு மேல் நீர் விழ வேண்டும். விக்டோரியா நீர்மின்நிலையத்தின் 210 மெகாவாற்று என்பது வலு. அந்த வலுவில் ஒரு செக்கன் ஓடினாலே 58 யூனிட்டுக்கு மேல் வந்துவிடும்.

சொற்கள் பற்றி ஒரு எச்சரிக்கை, இதில் பல பிள்ளைகள் வீணாகப் புள்ளி இழக்கிறார்கள். மகள் யூடியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளி பார்ப்பாளாக இருந்தால், அங்கே ஆற்றல் என்பது நம்முடைய சக்தி, திறன் என்பது நம்முடைய வலு. இதைவிட ஆபத்தானது நிறை. நமக்கு நிறை என்றால் புவி இழுக்கும் விசை, நியூற்றனில் சொல்வோம். அவர்களுக்கு நிறை என்றால் நாம் சொல்லும் திணிவு, கிலோகிராமில் வரும். நம்முடைய நிறைக்கு அவர்கள் சொல்வது எடை. இரண்டு வழக்கும் சரியானவைதான், ஆனால் ஒரே விடைத்தாளில் கலந்தால் கணக்கு பத்து மடங்கு பிழைக்கும். 50 கிலோகிராமை 2 மீற்றரால் பெருக்கி 100 யூல் என்று எழுதுவது நான் அதிகம் திருத்திய பிழை. முதலில் 10ஆல் பெருக்கி நியூற்றனாக்க வேண்டும். அந்த 10உம் உண்மையில் ஏறத்தாழ 9.8தான், கணக்கு இலேசாக இருக்கட்டும் என்று எடுப்பது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன், மாடிப்படி இருந்தால் போதும். ஒரு படியின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து, படிகளை எண்ணிப் பெருக்குங்கள். படி 15 சென்ரிமீற்றர், மொத்தம் 60 படி என்றால் 9 மீற்றர். மகளின் திணிவு 40 கிலோகிராம் என்றால், மேலே ஏறியதும் அவள் பெற்ற அழுத்த சக்தி 3600 யூல். 40 செக்கனில் ஏறினால் 90 வாற்று, 20 செக்கனில் ஓடி ஏறினால் 180 வாற்று. இரண்டு முறையும் வேலை 3600 யூல்தான், ஆனால் இரண்டாம் முறை மூச்சு வாங்கும். அப்புறம் நீங்கள் ஏறுங்கள். 60 கிலோகிராம் உள்ள ஒருவர் 60 செக்கனில் ஏறினால் 5400 யூல், 90 வாற்று. மகளின் முதல் ஏற்றத்தைவிட வேலை கூட, வலு அதே அளவு. வேலையும் வலுவும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் குறிப்பாலும் காட்ட முடியாது. பிஸ்கட் பெட்டியின் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 1 கிலோ கலோரி ஏறத்தாழ 4200 யூல். ஒரு பிஸ்கட்டில் எத்தனை மாடி ஏறலாம் என்று கணக்குப் போட்டால், தசையின் வினைத்திறனைக் கழித்த பிறகும், பிள்ளைகள் நம்ப மறுக்கும் விடை வரும். படி ஈரமாக இருந்தால் ஓட விட வேண்டாம்.

அம்மம்மாவும் வருவதென்றால் அவர் படி ஏற வேண்டாம், லிப்டிலேயே வரட்டும். லிப்ட் மோட்டர் அவரைத் தூக்கச் செய்த வேலையையும் கணக்கிடலாமே என்று மகள் கேட்பாள். அம்மம்மா பெற்ற அழுத்த சக்தியை அதே முறையில் கண்டுபிடிக்கலாம், உயரமும் திணிவும் போதும். மோட்டர் செய்த வேலை என்று எடுத்தால் மட்டும் அந்த விடை பொருந்தாது. பல லிப்டுகளில் கூண்டின் மறுபக்கம் ஓர் எதிர்ப்பாரம் கம்பியில் தொங்கும், கூண்டு ஏறும்போது அது இறங்கும், ஆகவே மோட்டர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இழுக்கிறது. முதலில் படியில் ஏறிய கணக்கை அவள் தானாகவே ஒரு முறை செய்து முடிக்கட்டும், லிப்டை அதற்குப் பிறகு எடுக்கலாம்.